சொல்லுக்கு ஐந்து சதம்

கோட்டைத் தந்திக் கந்தோரில் அன்று
இரவு முறை எனக்கு.
ஒன்பதரைக்கு முதல் தந்தி:
களனிப் பாலத்தில் வண்டில்கள், குறுக்கே.
மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள்.

பிறகு ஹங்வெல்ல. பிறகு அவிசாவளை.
நெல்வரி இடாப்பை விதானை வீட்டு முற்றத்தில்
எரித்தார்களாம்.
செத்தவர்கள் பெயரும் அதில் இருந்ததாம்,
அவர்களுக்கும் ஏக்கருக்கு இரண்டு புசல்.
வெள்ளைக்காரன் எழுதிவைத்ததைத்
தூசி தட்டி, மேலட்டையை மட்டும்
மாற்றியிருந்தது நம் அரசு.

கொம்பனித்தெரு ஜுனூஸ், எங்கள் பியோன்,
மூன்று மந்திரி வீட்டுக்கும் மழையில் சைக்கிள் மிதித்தான்.
உள்நாட்டு மந்திரி சொன்னார்: இது நிதியின் விசயம்.
நிதி மந்திரி சொன்னார்: விவசாயத்திடம் கேள்.
விவசாய மந்திரி நித்திரை.

ஒரு மணிக்கு ஒரு கப்டன் வந்தார், சொட்டச் சொட்ட.
ஆயுதக் களஞ்சியத் திறப்பு எங்கே என்று
ஊரெல்லாம் தந்தி அடிக்கச் சொன்னார்.
மேல்மாடியில் லாச்சி லாச்சியாய்த் தேடியதில்
அகப்பட்டது ஒரு பற்றுச்சீட்டு:
'திறப்பு பெற்றுக்கொண்டேன்.'
கீழே, கப்பலேறிப் போய்விட்ட
ஒரு துரையின் கையெழுத்து.
கொடியேற்றிய நாளில் நானும்தான் பட்டாசு கொளுத்தினேன்.
திறப்பைக் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

விடியப்புறம் நாலு மணி இருக்கும்.
முழங்கால்வரை சேற்றோடு ஒருவர் கவுண்டருக்கு வந்தார்.
பெயர் ரன்ஹாமி. பாலத்து வண்டில்களில் ஒன்று அவருடையது.
தந்தி அடிக்கவேண்டுமாம்.
ஆருக்கு?
'ஆண்டுவட்ட' என்றார். அரசாங்கத்துக்கு.
விலாசம்?

அவர் என்னைப் பார்த்தார்.
நான் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தேன்.
பதினாலு மந்திரி, பதினாலு வாசல்.

விலாசத்தை விட்டுவிட்டு எழுதினேன்:
வந்து வயலைப் பாருங்கள். வெள்ளம் வடியவில்லை.
ஐந்து சொல், இருபத்தைந்து சதம்.
சாரத்து முடிச்சை அவிழ்த்து
ஈரச் சில்லறையை எண்ணிவைத்தார்.
பற்றுச்சீட்டு வேண்டும் என்றார்.
கொடுத்தேன்.

ஏழு மணிக்கு எல்லாக் கச்சேரிகளுக்கும் அனுப்பச் சொல்லி
மேலிருந்து வந்தது கடதாசி:
நெல்வரி நிறுத்தம். வருந்துகிறோம்.
கடைசிச் சொல்லைச் சிவப்புப் பென்சில் வெட்டியிருந்தது.
கச்சேரிக்கு ஐந்து சதம் மிச்சம்.

முறை முடிந்து இறங்கினேன்.
யோர்க் வீதி நடுவில்
அவிழ்த்துவிட்ட மாடுகள் இரண்டு
சாணம் போட்டு நின்றன.
வெள்ளைக் கையுறை போட்ட பொலிஸ்காரர்,
புதுச் சீருடை,
காருக்குக் காட்டுவதுபோல
அவற்றுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.