வலைக்கும் ஆயிரம் கண்

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே
சால்மன் குஞ்சுத் தொட்டிகள் பதினான்கு.
ஆக்சிஜன் வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும்
ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
நான்கு திருகுகள், மேலே ஒரு ஸ்டிக்கர்:
கிழித்தால் உத்தரவாதம் போகும்.

மார்ச்சில் ஒரு புதன், அதிகாலை இரண்டு பத்து.
ஒன்பதாம் தொட்டிக்கு மூச்சு நின்றது.
நான் போய்ச் சேர்ந்தபோது
யாரோ காகிதம் கிழித்துக் கொட்டியதுபோல்
வெள்ளை வெள்ளையாய் வயிறுகள்.
விடியும்வரை அள்ளினோம், நானும் ஹெய்னியும்.

நிறுவனத்துக்கு எழுதினேன்.
நாலாம் நாள் பதில்:
'எங்கள் அமைப்பு முழுப் பாதுகாப்பானது.
புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளவும்.'
முழுப் பாதுகாப்புக்கு
எதற்குப் புதிய பதிப்பு என்று கேட்டேன்.
அதற்குப் பதில் இல்லை.

திறந்த மூலத்துக்கு மாறிவிடலாம் என்றான் ஹெய்னி.
யாரும் படிக்கலாம். மடியில் கனமில்லை.
தன் வீட்டு இறைச்சிக் கொட்டகையைக் காட்டினான்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடுக்கு,
உள்ளே தொங்கும் ஆட்டுத் தொடைகள்.
கடற்காற்று புகுந்து புறப்படுவதால்தான்
கெடாமல் இருக்கின்றன;
அடைத்துப் பூட்டினால் பத்தே நாளில் நாறும்.

சரிதான் என்றேன்.
ஈ நுழைவதும் அதே இடுக்கில்தானே
என்று கேட்கத் தோன்றவில்லை.

மாறினோம்.
முப்பது லட்சம் இயந்திரங்களில் ஓடும் நிரல்,
ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றனவாம்.
தூக்கம் வராத ஓர் இரவு
என் இரண்டையும் சேர்ப்போமே என்று திறந்தேன்.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.
உணரி பழுதாகி
பூஜ்யத்துக்குக் கீழே ஓர் எண் தந்தால்
ஆக்சிஜன் மிதமிஞ்சிப் போனதாக நினைத்து
வால்வை மூடிவிடும்.
பதினோரு வருடமாக, பட்டப்பகலில்,
கதவிலேயே விட்டுப்போன சாவி.

வலைக்கும்தான் ஆயிரம் கண்.
ஒன்றாவது எதையாவது பார்த்ததுண்டா?

எழுதியவர் ஒரே ஆள்.
பராகுவேயில், என்கர்னாசியோனில்,
பகலில் மாவு மில் ஒன்றில் கணக்கு எழுதுபவர்.
நாற்பது நிமிடத்தில் பதில்:
'மகளுக்குக் காய்ச்சல், ஒரு கையால் தட்டுகிறேன்.
தவறு என்னுடையதுதான்.
இத்தனை வருடத்தில்
உள்ளே வந்து பார்த்த முதல் ஆள் நீங்கள். எலாதியோ.'

மறுநாள் திருத்தம் வந்தது.
நீக்கியது சிவப்பில், சேர்த்தது பச்சையில்,
அவர் பெயரோடு, தேதியோடு,
தவறு என்ற சொல்லோடு.

ஆக எதுதான் பத்திரம் என்கிறான் ஹெய்னி.
அலமாரியில் கிடக்கிறது சாம்பல் பெட்டி.
அந்த நான்கு திருகுகளுக்குக் கீழே
இதே வரி இருக்கலாம்.
இதைவிட நல்ல வரியும் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது என்பது மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமைதோறும் அவன்
டார்ச்சோடு கொட்டகைக்குள் போகிறான்.
ஒவ்வொரு தொடையிலும் எலும்போரம் விரல் வைத்து அழுத்தி
முகர்ந்து பார்க்கிறான்.
முன்பே சொல்லியிருக்கலாம் அதை.

எனக்கு வியாழக்கிழமை. இரவுக்கு நூறு வரி.
நேற்று இரண்டாயிரத்து முந்நூற்றில் நிறுத்தினேன்.
மொத்தம் பத்தொன்பதாயிரம்.