எதுவும் விதைக்காத இடம்

நாற்பது சதுர மீற்றர்.
அதில் ஒன்பது நடப்பதற்கு.
அந்த ஒன்பதுக்காகத்தான்
பங்குனி முழுக்க நானும் மதிவதனனும் சண்டை.
வெண்டி முளைக்குமா என்றோ
தக்காளிக்குக் கூரை வேண்டுமா என்றோ அல்ல,
எதுவும் விதைக்கப்போகாத இடத்தில்
எதைப் போடுவது என்று.

ஓல்ரன் நகரத்தில்
தண்டவாளத்தோரம் எங்கள் தோட்டத்துண்டு.
சூரிச் போகிற ரயில் ஒவ்வொன்றும்
அவரைப் பந்தலை ஒருதரம் உலுக்கிவிட்டுப் போகும்.
அவருக்கு வேலை ரயில் பட்டறையில்.
பழைய சிலீப்பர் கட்டை சும்மா கிடக்கிறது,
இன்னும் ஐம்பது வருசம் உக்காது என்றார்.
தார் குடித்த கட்டை வெயிலில் வியர்க்கும்,
அந்த வியர்வையைக் கீரை குடிக்கும்.
உக்காத எதையும் என் மண்ணுக்குப் பக்கத்தில்
படுக்க வைக்காதேயுங்கோ என்றேன்.

முதல் வருசம் சரளைக்கல் போட்டிருந்தோம்.
பார்க்க அழகு, நடந்தால் கறுமுறு.
ஆனால் கல்லுக்கும் கால் உண்டு.
சப்பாத்தின் அடியில் ஏறி ஏறி
ஒவ்வொன்றாய்ப் பாத்திக்குள் குடிபோனது.
ஆடியில் பிடுங்கிய கரட் ஒன்று
கல்லைக் கண்டு தயங்கி
இரண்டாய்ப் பிரிந்து வளர்ந்திருந்தது,
காற்சட்டை போட்ட பிள்ளை மாதிரி.

இரண்டாம் வருசம் வைக்கோல்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன் ஒரு ராத்திரி.
ஓடில்லாத நத்தைகள், குடும்பம் குடும்பமாய்,
நான் விரித்த மெத்தையில்.
லெற்றூஸ் அவற்றுக்குப் படுக்கையிலேயே சாப்பாடு.

பக்கத்துத் துண்டு திரித்தா
வெள்ளைக் குளோவர் விதைத்திருக்கிறாள்.
பாதை நிறையத் தேனீ.
வெறுங்காலோடு நடக்காதே என்கிறாள்,
வாரத்துக்கொருதரம் வெட்டவும் வேண்டுமாம்.
பாத்திக்குச் சமைப்பது போதாதென்று
பாதைக்கும் சமைக்க என்னால் முடியாது.

சங்கத் தலைவி வூத்ரிஹ் அம்மா
ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவைக் காட்டினார்:
கொங்கிறீற் கூடாது, பழைய கம்பளம் கூடாது,
விட்டுப் போகும்போது
மண்ணை வாங்கினபடியே திருப்பித் தரவேண்டும்.
மதி சிரித்தார்.
சுருட்டிக் கையில் எடுத்துப்போகக்கூடிய
பாதை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ என்றார்,
டொச்சில், இலக்கணப் பிழை இல்லாமல்.

அகலத்துக்கும் ஒரு சண்டை.
ஒரு முழம் போதும் என்றார்,
நின்றுகொண்டு தண்ணீர் விடுகிறவர்.
குந்தியிருந்து களை பிடுங்குகிறவள் நான்.
தள்ளுவண்டியை அளந்தது காணும்,
என் இடுப்பையும் அளவுங்கோ என்றேன்.
அளந்தார்.
பிறகு கொஞ்ச நேரம் சண்டை இல்லை.

சித்திரையில் நகரசபை லொறி
மரச்சில்லு கொட்டியது, இலவசம், வேண்டியவர் அள்ளலாம்.
காலைக் குளிரில் குவியல் ஆவிவிட்டது,
உள்ளே கை வைத்தால் சூடு.
முதலில் மட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்தோம்.
சலவை இயந்திரப் பெட்டியின்
'இந்தப் பக்கம் மேலே' அம்பு
பூமிக்குள் பார்த்தபடி.
அதற்குமேல் பதினெட்டு வண்டிச் சில்லு.

பன்னிரண்டாம் வண்டியிலோ பதின்மூன்றிலோ
விரலில் ஏதோ குத்தியது.
வளைந்த ஸ்டேப்பிள் ஊசி,
அதில் ஒரு கடதாசி மூலை:
பூனையின் ஒரு காது,
தொலைபேசி எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்.

எனக்கு அந்தப் பூனையைத் தெரியும்.
பஸ் தரிப்பிடத்து லிண்டன் மரத்தில்
மாசி முழுக்க ஒட்டியிருந்தது.
ஏழு வருசம், விடிய ஐந்து இருபது,
ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு
மழை நாளெல்லாம் நான் ஒதுங்கின மரம்.
பூனைக்குப் பக்கத்தில் இன்னொரு கடதாசியும் இருந்தது,
வெட்டப்போகிறோம், ஆட்சேபம் உண்டா என்று.
பூனையைத்தான் வாசித்தேன்.

மதியிடம் சொல்லவில்லை.
ஊசியைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு
மிச்ச வண்டிகளைக் கொட்டி
மண்வாரியால் இழுத்துச் சமப்படுத்தினேன்.

பாதை நல்ல பாதை.
மழைக்குச் சேறில்லை, நத்தை குறைவு,
முழங்காலுக்கு மெத்தென்றிருக்கிறது.
ஐப்பசியில் வண்டித்தடத்தோரம்
பழுப்புக் காளான் பதினாலு.
நாங்கள் விதைக்கவில்லை.

இப்போது மறுபடி பங்குனி.
சில்லு உக்கி நாலு விரல் தாழ்ந்துவிட்டது,
இன்னும் ஒரு லொறி வேண்டும் என்கிறார்.
ஓம் என்கிறேன்.
புதிதாய் வைத்த மரக்கன்றில்
ஒதுங்க இன்னும் நிழலில்லை.
குடையோடு பஸ்ஸுக்கு நடக்கையில்
தெருவில் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும்
நின்று பார்க்கிறேன்,
கடதாசி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று.