மஞ்சள் கோடு

தண்ணீரை அளப்பது என் வேலை.
கிராஞ்சியில், திரைகள் நிறைந்த அறையில்,
எந்தத் தொட்டி எத்தனை விரற்கடை இறங்கிற்று என்று
நாற்காலியை விட்டு எழாமல் சொல்வேன்.

இரவு இரண்டு நாற்பது. ஈசூன், பதினோராம் மாடி.
பத்து மாதத்து இல்யாஸுக்குள்
எவ்வளவு மிச்சம்?

நேற்று மதியத்திலிருந்து ஏழு தடவை போயிருக்கிறான்.
நான்கு வாந்தி.
ஒன்பது மணிக்குக் கட்டிய டயப்பரில்
நனைந்தால் நீலமாகும் கோடு
மஞ்சளாகவே இருக்கிறது.
டார்ச் அடித்தும் பார்த்துவிட்டேன். மஞ்சள்தான்.

ஃபஸீலா உச்சிக்குழியைத் தடவுகிறாள்,
விரலை எடுக்கிறாள், மறுபடி வைக்கிறாள்.
அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
அழுகிறான். குரல் இருக்கிறது,
கன்னம் காய்ந்து கிடக்கிறது.
கண்ணீர் வராத அழுகையை
இன்றுதான் பார்க்கிறேன்.

கிளினிக்கில் சொல்லி அனுப்பியது:
வெறும் தண்ணீர் வேண்டாம்,
பொட்டல உப்புக்கரைசல், அதில் போட்ட அளவுப்படி.
ஒரு தேக்கரண்டி, கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று.
கக்கினால் பத்து நிமிடம் பொறு, மறுபடி தொடங்கு.
தாய்ப்பாலை நிறுத்தாதே.
கண்ணீர் வற்றினால், குழி விழுந்தால், துவண்டால்
விடியட்டும் என்று உட்காராதே.

உட்காரவில்லை.

டாக்சி ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்,
பாட்டை அணைத்தார்.
வேகத்தடைகளை
முட்டைக்கூடை சுமப்பவர்போல் ஏறி இறங்கினார்.
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு தேக்கரண்டி.
நெடுஞ்சாலையில் விளக்கே இல்லை;
கைபேசியில் நிமிடம் பார்த்துக் கொடுத்தோம்.
பாதி அவன் சட்டைக்கு, பாதி அவனுக்கு.
வழியில் இடப்பக்கம்
இருட்டில் ஒரு நீர்த்தேக்கம் நிறைந்து கிடந்தது.
அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கேகேயில் தாதி அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள்.
அது மெல்லத்தான் திரும்பியது.
எடை போட்டாள், எழுதினாள்,
ஊசிக்குழாயைக் கையில் கொடுத்து
"நீங்களே கொடுங்கள், அவசரப்படாமல்" என்றாள்.

ஐந்து மில்லி. ஐந்து மில்லி.
இவ்வளவு சின்ன எண்ணை
என் வேலையில் பிழை என்று தள்ளிவிடுவோம்.

ஐந்தே கால் இருக்கும்.
பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ,
இல்யாஸ் குழாயைத் தட்டிவிட்டு
என்னை முறைத்தபடி வீறிட்டான்.
இடக்கண்ணில் ஒரு சொட்டு.
கீழே விழக்கூட இல்லை, இமையிலேயே நின்றது.

ஃபஸீலா துடைக்கக் கை நீட்டினாள்.
"தொடாதே" என்றேன்.

பிறகு குனிந்து கோட்டைப் பார்த்தேன்.
இன்னும் மஞ்சள்.
ஓர் ஓரம் மட்டும், கண்ணின் மயக்கமோ என்னவோ,
பச்சை.

அடுத்த ஐந்து மில்லி.