மெழுகுக்காரன்

கிளாஸ்டரில் கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள்.
அரசர் மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டார்;
நெற்றியில் அதன் தடம் மட்டும்
சிவந்து கிடந்தது.
சபை கூடியிருந்தது:
நீள மேசை, ஈரக் கம்பளி நாற்றம்,
எலும்புக்குக் காத்திருக்கும் இரண்டு வேட்டை நாய்கள்.

நான் கணப்பின் ஓரம்.
தேன்மெழுகில் பிசின் கலந்து
இளக்கம் குறையாமல் பிசைந்து வைப்பது என் வேலை.
முத்திரை விழும்வரை
அரசரின் சொல் வெறும் மூச்சு என்பார்
எழுத்தர் இங்கெல்ராம்.
அந்த மூச்சு என் உள்ளங்கையில்தான் உறையும்.

அன்று ஓர் ஆலை.
லெடன் ஆற்றின் வளைவில்
ஒற்றைச் சக்கர மாவாலை.
கேட்பவர் ஹாமோ பிரபு.
விட மறுப்பவள் லெவ்கிவா, கணவனை இழந்தவள்.
கோடையில் வெஸ்ட்மின்ஸ்டர் போய்ச் சேர்வதற்குள்
சபை கலைந்துவிட,
சேறோடு சேறாய் இங்கே வந்து நிற்கிறாள்.

பிரபுக்கள் பேசியது பிரெஞ்சு.
தோலில் ஏறியது லத்தீன்.
அவள் முறையிட்டது ஆங்கிலத்தில்.
மூன்றுக்கும் பொதுவாக
இருமல் மட்டும் இருந்தது.

"உங்கள் கருத்து?" என்றார் அரசர்.
ஆயர் மோதிரத்தைத் திருகினார்.
கிழட்டு செர்லோ விழித்துக்கொண்டு
"மெத்தச் சரி" என்றார்,
எது என்று கேளாமலே.
பிறகு தலைகள் ஆடின,
ஒரே காற்றில் பார்லிக் கதிர்கள்.

அவள் மட்டும் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மாவு பிசைகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

சாட்சிகளின் பெயர்கள், பதினொரு சிலுவைக் குறிகள்.
"மெழுகு!" என்றது ஒரு குரல்.
கதவு திறந்து பனிக்காற்று புகுந்தது,
உண்மைதான்.
ஆனால் கணப்பிலிருந்து என் கையை
எப்போது விலக்கினேன் என்பதை
எந்தப் பாதிரியாரிடமும் நான் சொன்னதில்லை.
அழுத்தியதும் மெழுகு பிளந்தது,
குதிரைமேல் இருந்த அரசர்
இடுப்போடு இரண்டாக.

வெளியே கொம்பு ஊதினார்கள்.
டீன் காட்டில் மான் தென்பட்டதாம்.
"ஈஸ்டருக்குப் பார்ப்போம்" என்று அரசர் எழுந்தார்.
சபையும் எழுந்தது.
அதற்கு யார் கருத்தும் தேவைப்படவில்லை.

ஹாமோ என்னைப் பார்க்கவே இல்லை.
மெழுகைப் பார்ப்பவர்கள்
மெழுகுக்காரனைப் பார்ப்பதில்லை.

மூன்று மாதம்.
ஒரு குளிர்காலத்தின் ரொட்டி.
அவ்வளவுதான் என்னால் பிசைய முடிந்தது.

ஈஸ்டருக்கு வின்செஸ்டர்.
அங்கே நல்ல வெயில்.
மெழுகு அழகாக இளகியது.