ஷேடு கார்டு

ஆறு நாள் எனக்கு வேலை
ஒரு துணித்துண்டை இன்னொரு துணித்துண்டோடு
விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பது.
திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் பதினோரு வருஷம்.
சேருது, சேரலை:
இரண்டே சொல்லுக்குச் சம்பளம்.

ஏழாம் நாள்
பலகையையும் டப்பாவையும் ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு
தாராபுரம் தாண்டி
மூலனூர்ப் பக்கம் போய்விடுவேன்.

ஆடியில் முதல் படம்.
படம் என்று சொன்னால் காற்று சிரிக்கும்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து
பல்லடம் வரைக்கும் தகரம் தகரமாய்த் தட்டிக்கொண்டு வந்தது
என் நாலு கிளிப்பையும் பிடுங்கி
காகிதத்தைக் கிளுவை வேலியில் மாட்டிவிட்டது.
எடுத்துப் பார்த்தால்
ஈர வானத்தில் செம்மண் ஒட்டியிருந்தது,
நான் வைக்கத் தயங்கிய இடத்தில்
வைத்திருக்க வேண்டிய அளவுக்கு.
தட்டிவிடவில்லை.
தூரத்தில் காற்றாலைகள்.
சுற்றுகிற இறக்கைக்கு என்ன நிறம் என்று
எவ்வளவு நேரம் பார்த்தும் தெரியவில்லை.
கம்பங்களை மட்டும் வரைந்துவிட்டு வந்தேன்.

ஐப்பசியில் நாலு மழை.
கொறங்காடு பச்சையாகி
எனக்கு ஞாயிறு வருவதற்குள்
கொழுக்கட்டைப் புல்லில் கதிர் வந்துவிட்டது.
பச்சைமேல் ஒரு சாம்பல் ஊதா.
அந்த ஊதாவுக்கு எங்கள் லேபில் நம்பர் கிடையாது.
கலந்துகொண்டிருக்கும்போதே ஒரு செம்மறி வந்து
பிரஷ் கழுவின தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனது.
அடுத்த வாரம் அந்த ஆட்டைத் தேடினேன்.
நன்றாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் கண்வலிப்பூ.
புத்தகத்தில் இதற்குக் காந்தள் என்று பேர்
என்று பாவாத்தாளிடம் சொன்னேன்.
"அப்புடீங்களா" என்று
சாய்ந்த கொடியைத் திருப்பிக் கட்டினாள்.

ஒரு பூவைப் பிடித்தேன்.
மஞ்சள், விளிம்பில் மட்டும் தீப்பிடித்த மாதிரி.
பாதியில் வெயில் ஏறிவிட்டது.
அடுத்த ஞாயிறு போனால் அதே காம்பில் முழுச் சிவப்பு.
பட்டறையில் இப்படி மாறினால்
லாட்டு மொத்தமும் திரும்பி வரும்.
மேனேஜர் யார் பேரையும் சொல்லாமல்
என்னைப் பார்த்துத் திட்டுவார்.
இங்கே யாரைத் திட்ட?
மேல் இதழ் போன வாரம், கீழ் இதழ் இந்த வாரம் என்று
ஒரே பூவில் இரண்டு ஞாயிறையும் வைத்தேன்.

பாவாத்தாளும் பூவுக்குப் பூ போய்க்கொண்டிருந்தாள்.
வெயிலுக்கு முந்தி மகரந்தம் தொட்டு வைக்கணும்,
தேனீயை நம்பினால் காய் பாதிதான் பிடிக்குமாம்.
"ஏனுங், அந்தப் பொடிப் பிரஷ் ஒண்ணு குடுங்."
இரண்டாம் நம்பர். குடுத்தேன்.
ஒரு வரிசை முடித்துத் திருப்பித் தந்தாள்,
மயிரெல்லாம் மஞ்சள் தூள்.
நுனியைக் கூராக்க, பழக்கதோஷம்,
உதட்டுக்குக் கொண்டுபோனேன்.
மணிக்கட்டில் ஒரே அடி.
"வாயில வெச்சுப்போடாதீங்! வெசமுங்.
கெழங்கு, வெத, பூவு, அத்தனையும்."
அப்புறம் அடித்த கையைத் தானே பார்த்துச் சிரித்தாள்.
இத்தனை வருஷம் நிறத்தோடு இருந்தும்
ஒரு நிறத்துக்குப் பயந்தது அன்றைக்குத்தான்.

மார்கழியில் பனி. எதுவும் காயவில்லை.
தையில் ஆவாரையும் பூளையும்
காப்புக் கட்டப் போய்விட,
பறிபட்ட செடியை வரைந்தேன்.

சித்திரை.
கண்வலிக் கொடி காய்ந்து கழித்தாயிற்று.
கிழங்கு மண்ணுக்குள்ளே கிடக்கிறது, எனக்கு அகப்படாமல்.
காகிதத்தைத் தொடும் முன்னால்
பிரஷிலேயே காய்கிறது பெயிண்ட்.
வரைய ஒன்றுமில்லை என்று
வெறும் காட்டின் முன் குந்தினேன்.
பதினாலு பழுப்பு எண்ணினேன்,
பதினைந்தாவதில் சந்தேகம்.

பாவாத்தா வந்து எட்டிப் பார்த்தாள்.
"இது எங்க காடுங்களா?"
படத்தைத் தரையில் வைத்து
பக்கத்து மண்ணோடு ஒட்டிப் பிடித்தேன்,
லேபில் செய்கிற மாதிரியே.
குனிந்து பார்த்தாள், நிதானமாக.
"சேரலீங்."
முந்தானையை உதறிக்கொண்டு
மேற்கே ஒரு தரம் பார்த்தாள்.
"பொழுது எறங்கட்டும்.
அப்பச் சேரும்."