முட்டுக்கல்

பதினாலு கிளிக்.
நெம்புகோல் கூரையைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்.
வண்டியோ
யாருக்கோ வந்த விருந்து என்று
பின்னால் நகரும்.

தொண்ணூற்றேழு மாடல் மாருதி.
விற்கும்போதே சொன்னார்
பாளையங்கோட்டை சர்வேயர் ஞானதிரவியம்:
"சமதளத்துல தங்கம்மா இது."
நாங்கள் இருப்பதோ விக்கிரமசிங்கபுரம்.
லேபுக்கு ரத்தம் எடுக்க நான் ஏறுவதோ
பாபநாசத்து மேட்டு வீடுகளுக்கு.

அப்படித்தான் இவருக்கு ஒரு வேலை வந்தது.
வண்டி நிற்குமுன் இடக்கதவைத் திறந்து
ஒரு காலைத் தரையில் ஊன்றி
ஆற்றில் பொறுக்கிய கல்லைப்
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது.
கிளம்பும்போது கல்லை உருவிக்கொண்டு
ஓடி வந்து ஏறுவது.
ஆவுடையப்பன் என்ற பேர்
ஆட்டோ ஸ்டாண்டில் கல்லப்பன் ஆயிற்று.
இவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

இவருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு செவ்வாய்
தனியாகப் போனேன்.
கியரில் விட மறந்தேன்.
சொர்ணத்தாய்க்கு நரம்பு லேசில் அகப்படாது.
மூன்றாவது குத்தில் அகப்பட்டது;
வாசலில் சத்தம்:
"எக்கா, வண்டி போவுது!"
ஊசியைப் பாதியில் உருவ முடியுமா?
நாலு மில்லி நிறைகிறவரை
குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"போவட்டும், கையை ஆட்டாதீய" என்றேன்,
அவளுக்கா எனக்கா தெரியாது.
மருத மரத்தில் பம்பரைச் சாய்த்து
வண்டி தானாக நின்றிருந்தது,
ஒரு பின்விளக்கு இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு உட்கார்ந்தோம்.
லிவருக்கு அடியில் இருந்த நட்டை
மூணு சுற்று இறுக்கினோம்.
நாலே கிளிக்! பெருமை தாங்கவில்லை.
அம்பை போய்ச் சேருமுன்
வலப்பக்கம் தீய்ந்த வாடை.
டிரம்மில் தண்ணீர் தெளித்தார், சுர்ரென்றது.

"கேபிளை இறுக்குனா தீராதுக்கா,
மொதல்ல ஷூவைப் பாருங்க"
என்றாள் ஸ்பேர்ஸ் கடை ஜெபராணி,
பில் புத்தகத்தை விட்டுத் தலை நிமிராமல்.

முன்சக்கரத்துக்குக் கல்,
பின்னால் ஜாக்கி, தாங்கக் கட்டை.
லிவரை இழுத்துச் சுற்றிப் பார்த்தால்
வலது சக்கரம் இறுகிக் கிடக்கிறது;
இடதோ கொடைவிழா ராட்டினம்.
இத்தனை நாளும் ஒற்றைச் சக்கரம்தான்
இழுத்துப் பிடித்திருக்கிறது.

லிவரை இறக்கி, இறுக்கிய நட்டைத் தளர்த்தி,
மூடியைத் தட்டி, டிரம்மை உருவினால்
ஷூ இரண்டும் கண்ணாடிபோல் பளபளக்கின்றன.
முகம் பார்க்கலாம், பிரேக் பிடிக்காது.
இடது கேபிள் உறைக்குள் துருவேறி
கொறடு போட்டாலும் அசையவில்லை.
சிலிண்டரில் கசிவு இல்லை, அதுவரை லாபம்.
ஈரத்துணியால் தூசியைத் துடைத்தோம்.
உப்புத்தாளால் நான் தேய்க்க,
நானூற்று இருபது ரூபாய்க்கு வந்த புதுக் கேபிளை
இவர் வண்டிக்கடியில் கிடந்து கோத்தார்.
வெளியே தெரிந்தது இரண்டு பாதம் மட்டும்.
"சவம், வளைய மாட்டங்கு" என்று
ஒரு குரல்.

சக்கரம் உரசியும் உரசாமலும் சுழல்கிறவரை
ஷூவை விரித்து,
கால் பிரேக்கைப் பத்துமுறை மிதித்து,
கடைசியாகத்தான் நட்டு.
முதல் நாள் நாங்கள் தொடங்கிய இடம்.

ஏழு கிளிக்.

சொர்ணத்தாய் வீட்டு மேட்டில் நிறுத்தினேன்.
பழக்கத்தில் இவர் கால் வெளியே போயிற்று.
கல்லைக் கையில் வைத்துக்கொண்டு
சக்கரத்தையே பார்த்தார்.
ரத்தம் எடுத்துத் திரும்பி வந்தால்
பானெட்டில் முதுகு கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்,
கூட இரண்டு பையன்கள்.
அசையவில்லை.
"நிக்கிது" என்றார்.
அந்த முகத்தை எதில் சேர்ப்பதென்று
எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் இழுக்கும்போதெல்லாம்
வாய்க்குள் எண்ணிக்கொண்டு வருகிறார்.
நேற்று எட்டு.
"புதுக் கேபிள்லா, கொஞ்சம் நீளத்தான் செய்யும்,"
ஒரு மாதிரி உற்சாகமாகவே சொன்னார்.
கல்
சீட்டுக்கடியில்தான் கிடக்கிறது.
நானும் எடுக்கச் சொல்லவில்லை.