இரண்டாவது லேன்

செருப்புகள் கம்பிவேலியோரம் கழற்றிக் கிடக்க
ஈரத் தரையில் பெற்றோர் கூட்டம்.
ஞாயிறு காலை கோயமுத்தூரில் முதல் போட்டி.
"கண்ணாடி ரெண்டு வேணும். ஒண்ணு அறுந்துபோகும்,
அறுந்தே தீரும்" என்றார் ரெஜினா மிஸ்.
"தலைக்கு எண்ணெய் வெக்காதீங்க, தொப்பி வழுக்கும்.
பூரி வேண்டாம். இட்லி ரெண்டு, பழம் ஒண்ணு.
கூடவே ஓடிக்கிட்டுக் கத்தாதீங்க.
தண்ணிக்குள்ள அதுகளுக்கு ஒண்ணும் கேக்காது,
உங்களுக்குத்தான் தொண்டை கட்டும்.
ஏறி வந்ததும் எத்தனாவதுன்னு கேக்காதீங்க.
காலையில என்ன தின்னேன்னு கேளுங்க, போதும்."

சாயப்பட்டறை பழனியப்பன் எழுந்தார்:
"மெடல் எத்தன பேருக்குங்க?"
மிஸ் அவர் பையனின் கால்களைப் பார்த்தார்.
"மொதல்ல இந்த நகத்த வெட்டிவிடுங்க."

நான் பின்வரிசை.
பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்.
காலர் வைக்க முப்பத்தெட்டு விநாடி,
கை மடிக்க இருபத்திரண்டு.
தைப்பவர் முதுகுக்குப் பின்
கடிகாரத்தோடு நான் வந்து நின்றால்
தோள்கள் காதுவரை ஏறும்,
ஊசி ஒரு தையல் தவறும்.
அந்தத் தவறையும் சேர்த்தே எழுதிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு மாலை
அதே கடிகாரத்தோடு குளத்துக்குப் போனேன்.
பாதித் தூரத்தில் சம்யுக்தா நின்றுவிட்டாள்.
லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
என் கையையே பார்த்தாள்.
வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

"நேரம் பார்க்க லேனுக்கு ஒருத்தர் வேணும்.
ஸ்டாப்வாட்ச் பிடிச்சுப் பழக்கம் யாருக்காச்சும்?"
என் கை என்னைக் கேட்காமல் உயர்ந்தது.
மிஸ் எழுதிக்கொண்டார்: லேன் இரண்டு.
"என்ற புள்ள ஆறுங்க மிஸ்."
"தெரியும்" என்றார், தலை நிமிராமல்.

சனி இரவு சுகந்தி துண்டு மூன்று மடித்தாள்.
நான்காவதையும் மடித்தாள்.
ஏற்றுமதியில் கழிந்தவை, ஓரம் மட்டும் கோணல்.
தொப்பிக்குள் முடி அடங்கவில்லை.
நான் இருபுறமும் இழுத்துப் பிடிக்க
சம்யுக்தா தலையை நுழைத்தாள்,
தலையணைக்கு உறை போடுகிற மாதிரி.
பிறகு அவள் கையில் மார்க்கரால்
14, 3, 6.
போட்டி, சுற்று, லேன்.
நான் தினமும் பண்டலில் ஒட்டும் சீட்டிலும்
மூன்றே எண்கள்தாம்.
"அழியுமாம்மா?"
"ரெண்டு நாள்ல போயிரும் அம்மிணி."
எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

விடியுமுன் வேன். நொய்யல் பாலத்தில்
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
அவிநாசி ரோடு முழுக்கத் தூக்கம்.

அங்கே குளம் ஐம்பது மீட்டர்.
"நம்ம குளத்துக்குப் பின்னால
இன்னொரு நம்ம குளம்ப்பா" என்றாள், குரல் இறங்கி.
பழனியப்பன் குனிந்து விரலை நனைத்து
நகக்கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டார்.
தொழில் பழக்கம்.

மூன்றாம் சுற்று.
எனக்கு முன்னால் பலகையில்
மெலிந்த ஒரு பெண், பெருந்துறையோ தாராபுரமோ.
திரும்பிப் பார்த்தாள்.
என்னை அல்ல, என் கையை.
தோள்கள் காதுவரை.

கடிகாரத்தை முதுகுக்குப் பின் கொண்டுபோனேன்.
பேசக் கூடாதென்று விதி இருக்குமோ என்னவோ,
"காலையில என்ன தின்ன சாமி?"
"இட்லி."
"எத்தன?"
யோசித்தாள். யோசிக்கையில் தோள் இறங்கியது.
"மூணுங்க."
"ஒண்ணு ஜாஸ்தி."
சிரிப்பு முழுதாய் வருமுன்
நீண்ட விசில்.

ஆறாவது லேனில் ஒரு மஞ்சள் தொப்பி
குனிவது ஓரக்கண்ணில் பட்டது.
திரும்பவில்லை.
இந்தக் கட்டைவிரல் இப்போது
இரண்டாவது லேனுக்குரியது.